சின்னராசா புல் பிடுங்கிய சரிவு

நமுனுகுல மலையில் காடு முடிந்து தேயிலை தொடங்கும் சரிவு சின்னராசாவின் பொறுப்பில் இருந்தது. முதுகில் கேனைச் சுமந்து மருந்தடித்துப் புல்லைக் கருக்குவது அவர் வேலை. அதிலேயே பதினெட்டு வருடம் போயிருந்தது.

1999 ஐப்பசியில், மறுநாள் மருந்தடிக்க வேண்டிய இடத்தைப் பார்க்கப் போனவர் ஈரச் சருகுக்கடியில் சவ்வரிசி போன்ற முட்டைகளைக் கண்டார். பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை. தவளை என்றால் தண்ணீர்தானே? சோற்றுப் பெட்டியில் எல்லாவற்றையும் அள்ளிப்போய்க் கீழே ஓடையில் விட்டார்.

மூன்றாம் நாள் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன.

பதுளையில் விலங்கியல் படிப்பிக்கும் கேசினி, விடுமுறைகளில் தவளை எண்ண அங்கே வருவார். சின்னராசா நடந்ததை அவரிடம் சொன்னார்.

“அண்ணை, இதுகள் தண்ணிக்குப் போறேல்லை. முட்டைக்குள்ளையே வளந்து, கால் முளைச்ச பிறகுதான் வெளியில வரும்.”

“அப்ப நாந்தான் கொன்னுட்டேனா மிஸ்?”

கேசினி மறுக்கவில்லை. “குளிர் மலையை விட்டிறங்கி வெக்கையான பள்ளத்தைத் தாண்ட இதுகளால ஏலாது. கனகாலம் தனிச்சிருந்து வேற இனமாவே மாறியிருக்கலாம். இங்க அழிஞ்சா, அடுத்த மலையில தேடி எடுக்கேலாது.”

அடுத்த முறை சின்னராசா காட்டோரத்தை விட்டுவிட்டு அடித்தார். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஜீவன் பிடித்துக்கொண்டார். சின்னராசா தவளைக் கதையைச் சொன்னார்.

“என்னய்யா, தவளைக்கு வளைகாப்பா? புல்லு நிக்குதே!”

“புல்லு இல்லாட்டி அடிக்க வேணாந்தானுங்களே?”

“இல்லாத புல்லுக்கு மருந்தடிக்க எனக்கென்ன பைத்தியமா?”

அன்றிலிருந்து ஒவ்வொரு மருந்து முறைக்கும் முந்திய ஞாயிறு, அந்தக் காட்டோரத் துண்டில் மட்டும் சின்னராசா கையால் புல் பிடுங்கினார்.

“ஊருல உள்ளவன் பொண்டாட்டிய படத்துக்குக் கூட்டிப் போறான், எனக்கு வாச்சது புல்லு புடுங்குது!” என்று தனலெட்சுமி லயத்து வீடுகளெல்லாம் கேட்கப் புருசனைத் திட்டுவார்.

மற்றச் சரிவுகளில் அவர் வழக்கம்போல் மருந்தடித்தார். அங்கே என்ன இருந்தது என்று யாரும் எண்ணவில்லை.

2006 ஆனியில் சின்னராசா நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியிலேயே இறந்தார். அடுத்த மருந்து முறை வந்தபோது அந்தத் துண்டில் புல் முழங்கால் உயரம் நின்றது.

“ஐயா, இங்கயும் அடிக்கட்டுங்களா?” என்றான் கேன் சுமந்த புது ஆள்.

ஜீவன் காலால் புல்லை விலக்கி அடியிலிருந்த சருகைப் பார்த்தார்.

“இன்னிக்கு விடு.”

அடுத்த முறையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.