வலிக்கென்று ஒரு டாக்டர்

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார் என்று எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வலிக்காமல் யார் டாக்டரிடம் போகிறார்கள்? "உங்கள அங்க அனுப்பி வைக்கிறேன்" என்று அவர் முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். மழையில் சரிவில் வழுக்கி விழுந்தபோது பிடித்த வலி. கழுத்தில் தொடங்கி வலது கை விரல்வரை இறங்கும். அடிபட்ட இடம் எப்போதோ ஆறிவிட்டது, வலி மட்டும் என்னோடு குடித்தனம் நடத்தியது. டிஸ்பென்சரியில் தரும் வெள்ளை மாத்திரையை விழுங்கினால் ஒரு பகல் ஓடும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கீழே அனுப்பப்பட்டவர்கள் பலரும் வேலைக்கு 'அன்ஃபிட்' என்றுதான் திரும்பி வந்தார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தால் தப்பிக்கலாம். என் வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். மகளுக்குப் பேர் பதியும் வயது வரவில்லை. முந்தைய மழைக்காலத்தில் எதிர்வீட்டுக்காரி சட்டி பானையோடு வாசலில் நின்றதைப் பார்த்தவள் நான். வலிகூடச் சில நேரம் தூங்கவிட்டது, அந்தக் காட்சி விடவில்லை.

போகாமலும் இருக்க முடியாது, டாக்டர் எஸ்டேட் ஆபீசுக்குச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மதினிதான் வழி சொன்னாள்.

"எங்க அமுக்குனாலும் மூஞ்சி கோணக்கூடாது மதினி. சிரிச்சிக்கிட்டே இருக்கணும், கேட்டீகளா?"

சொன்னதோடு விடாமல் என் தோளை அமுக்கி அமுக்கிப் பழக்கினாள். உயிர் போய் வந்தது. அதற்கும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

பஸ் மலை இறங்கியது. மாதாவை வேண்டிக்கொண்டே போனேன். வலி தீர வேண்டும் என்றல்ல, வெளியே தெரியக்கூடாது என்று.

அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். 

"எவிடெயாணு வேதன?" எங்கே வலி என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார்.

"வலியே இல்ல சார்."

கையைத் தூக்கச் சொன்னார். தலைக்கு மேலே தூக்கினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிரித்தேன்.

"பின்னெ எந்தினா வந்நது?"

"எங்க டாக்டரு போகச் சொன்னாரு. வந்தேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "பேடிக்கண்டா, பறஞ்ஞோ" என்றார். பயப்படாமல் சொல்லு என்கிறார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து அந்தச் சட்டி பானை கண்ணில் வந்து நின்றது.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

வேலைக்கு ஃபிட் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு தப்பியது. அன்று மதினி எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாள்.

கையிலிருந்த மாத்திரை தீர்ந்ததும், வழக்கம்போல வேலைக்குப் போகும் வழியில் டிஸ்பென்சரிக்குப் போனேன். எங்கள் டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"வலி சுத்தமா இல்லன்னு பெரிய டாக்டரே எழுதிட்டாரே! இனிமே அந்த மாத்திரை வேண்டாம்மா. சும்மா சாப்பிட்டா வயித்தக் கெடுத்துடும்."

"சரிங்க சார்" என்றேன். மூஞ்சி கோணவில்லை.

"இன்னிக்கு என்ன விஷயமா வந்தீங்க?"

"மகளுக்கு இருமல் சார்."

இருமல் மருந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறினேன்.