உருண்டை பிடித்த பனி

துபாயில் ஒரு பெரிய கடை வளாகத்துக்குள் இருக்கும் பனிக்கூடத்தில் எனக்கு வேலை. வெளியே சித்திரை வெயில் ஏறினாலும் உள்ளே பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுவார்கள். சறுக்குப் பாதையின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் பனியை ஒதுக்கி வைத்திருந்தோம். கூடம் திறப்பதற்கு முன் அந்த மேடு நிற்குமா என்று பார்த்துச் சொல்வது என் டூட்டி.

அன்று காலை குளிரூட்டும் இயந்திரங்களில் ஒன்று பழுது. கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளி அமுக்கினேன். கொழுக்கட்டை போல உருண்டை பிடித்தது. ஊரில் கண்மாய்க் கரைக்கு மண் போடும்போது அப்படித்தான் பார்ப்போம். உருண்டை பிடித்தால் கரை நிற்கும். "மேடு நல்லாருக்கு" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் நேபாளி மலையில் பிறந்தவர். என் கையில் இருந்த உருண்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பாய், உள்ள தண்ணி இறங்கிடுச்சு. எங்க ஊர்ல குளிர் முடியறப்ப பனி இப்படி ஒட்டினா, மலைக்குக் கீழ யாரும் நடக்க மாட்டோம்" என்று இந்தியில் சொன்னார்.

"மீட்டர் குளிருன்னுதானே காட்டுது?"

"மீட்டர் சுவத்துல இருக்கு பாய். மேட்டுலயா இருக்கு?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒட்டினால் மண் நிற்கும், பனி விழுமா? கம்பைக் குத்திப் பார்த்தேன். மேலே கெட்டி. ஒரு முழத்துக்குக் கீழே தயிருக்குள் போவது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. கெட்டியை நம்புவதா, தயிரை நம்புவதா?

வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. சூப்பர்வைசரிடம் போய், "பாதைய மூடுங்க தம்பி" என்றேன்.

"என்னண்ணே, இப்பத்தான் நல்லாருக்குன்னீங்க? எதுண்ணே சரி?"

"தெரியல. மூடுங்க."

"மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசுற ஆளு, இன்னைக்கு ரெண்டு பேசிட்டாரு. சரி, கலாஸ், முடிஞ்சுது, மூடுங்கப்பா!"

பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டி, உள்ளே வந்த பிள்ளைகளை அதற்கு வெளியே நிறுத்திவிட்டு, மேட்டைக் குறைக்க நானும் நேபாளியும் பக்கவாட்டில் நின்று மண்வெட்டியைப் போட்டோம். மூன்றாவது வெட்டில் மேடு முழுவதும் ஒரே பலகையாகச் சரிந்து பாதையை மூடியது.

சூப்பர்வைசர் கயிற்றருகே வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, "நீங்க வெட்டுனதால விழுந்துச்சா, இல்ல தானாவே விழுந்திருக்குமாண்ணே?" என்று கேட்டார்.

அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. கயிற்றைத் தாண்டிச் சிதறி வந்த பனியைப் பிள்ளைகள் அள்ளி, உருண்டை பிடித்து, ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒன்றுகூட உதிரவில்லை.