சமையலறையில் டீ குடித்த கிறிஸ்துமஸ் தாத்தா

வடக்கே, இந்தி பேசும் ஊரில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, டிசம்பர் மாதம் எங்கள் சபையின் பாட்டுக்குழு வீடு வீடாக வரும். அதில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடுகிறவர் ஒல்லியான மனிதர். ஸ்வெட்டருக்குள் தலையணை கட்டி வயிறு வைத்திருப்பார். முகமூடியைக் கழற்றுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று, டீ குடிக்க மட்டும் சமையலறைக்கு வந்துவிடுவார்.

ஒரு வருஷம் தீபாவளியை ஒட்டி அவர் மனைவி இறந்துபோனார். இனி எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். வந்தார், கூடத்தில் குதித்துக் குதித்து ஆடவும் செய்தார். பிறகு சமையலறையில் நானும் அவரும் மட்டும். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. டம்ளரை நீட்டி, "அண்ணாச்சி..." என்றதோடு நின்றுவிட்டேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்கம்மா" என்றார். "ஆபீஸ்ல, சர்ச்சுல, எல்லாரும் ஆஸ்பத்திரில பேசுத மாதிரி மெதுவாத்தான் எங்கிட்ட பேசுதாங்க. இந்தப் பிள்ளைகதான் தாடியப் புடிச்சு இழுத்து, 'சாக்லேட் நிகாலோ, வெளிய எடு'ன்னு கத்துதுக. கிறிஸ்மஸ் எப்போ வரும்னு கெடந்தேன்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"டீ ஆறுது அண்ணாச்சி, ஜல்தி குடிங்க" என்று அதட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். ஒருவரை அதட்டி அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.