எண்ணெய் படக்கூடாத பெல்ட்

கியர் மாற்றத் தேவையில்லாமல் உள்ளே பெல்ட்டில் ஓடுகிற கார் வாங்கலாமா என்று இப்போதும் யாராவது வந்து கேட்கிறார்கள். பட்டறையை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் காஜா பெராங்கில் கார் வாங்குகிறவர்களுக்கு என் வாயால் ஒரு வார்த்தை கேட்டால்தான் திருப்தி. நானும் சளைக்காமல் சொல்வேன். குலுக்கல் இருக்காது, கால் வலிக்காது, நெரிசலில் சுகம். ஆனால் மிதித்தால் என்ஜின் கத்துகிற அளவுக்குக் கார் பாயாது, பெல்ட் போனால் செலவு. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு எனக்கு மனசு சரியிருக்காது. அன்று முழுக்க வீட்டில் யார் மீதாவது எரிந்து விழுவேன். காரணம் அவர்களுக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். எனக்கு முப்பது வயது. காஜா பெராங் சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை, சொந்தப் பட்டறை. தலைக்கனத்துக்கு அது போதாதா? ஒருநாள் ஒரு டீச்சர் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். இடது கை முழங்காலை அழுத்திப் பிடித்திருக்க, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து உள்ளே வந்தார். சிறுவயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. வீடு உஜோங் பாசிரில், வேலை பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கையில் ஒரு பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து வைத்திருந்தார்.

"அண்ணே, இந்தக் காடியில கிளச்சு இல்லையாமே, நெசமா அண்ணே?"

எங்கள் ஊரில் காரைக் காடி என்றுதான் சொல்வோம். படத்தில் இருந்தது ஹாலந்து நாட்டுச் சின்னக் கார். நான் அதுவரை அதைக் கண்ணால் கண்டதில்லை. கண்டதில்லை என்று சொல்லிவிட்டால் என் மரியாதை என்னாவது? "ஆமா டீச்சர், ரெண்டே பெடல்தான். எல்லாம் வலது காலு பாத்துக்கும்," என்றேன். நல்லவேளை, அது உண்மையாகவே இருந்தது.

சில மாதங்கள் கழித்து சிங்கப்பூரிலிருந்து கார் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் எங்கள் ஊரை ஆண்ட ஹாலந்துக்காரன் போகும்போது சிவப்புக் கட்டடத்தை விட்டுப் போனான், தர மறந்த காரை இப்போது அனுப்பி வைத்திருக்கிறான் என்று வீட்டிலும் மலாயே பேசுகிற பக்கத்து செட்டிக் குடியிருப்புக்காரர்களிடம் மலாயில் கிண்டலடித்தேன். கிண்டல் முடிந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தேன். கியர் பெட்டி இருக்கவேண்டிய இடம் காலி. பின்பக்கம் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள், புல்லிகளைச் சுற்றிக்கொண்டு திறந்தபடி கிடந்தன. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள் மாதிரி இருந்தது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் கீழே இறங்கும். முன்புல்லியில் அது ஏற ஏற, பின்புல்லியில் இறங்க இறங்க, கார் தானாகவே வேகம் பிடிக்கும். முதல் கியர், இரண்டாம் கியர் என்ற பேச்சே கிடையாது.

ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. காலை வைத்ததும் என்ஜின் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தது. அந்தக் குரல் மாறாமலே இருக்க, வேகம் மட்டும் மெல்ல மெல்லக் கூடியது. கியரை மாற்றி மாற்றிப் பழகிய கைக்கு வேலை இல்லாமல் நான் அசடாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் கார் ஒரு இடத்திலும் வெட்டி இழுக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் கடலோரத் திடலில் பழகி, முதல் தடவையிலேயே லைசன்ஸ் வாங்கிவிட்டார். நேராகப் பட்டறை வாசலில் வந்து நிறுத்தி, ஹார்னை விடாமல் அடித்தார்.

"பஸ்ஸு படியில இனிமே ஏற வேணாம் அண்ணே. பிள்ளைங்க முன்னால கைலாகு கொடுத்து ஏத்திவிடுவாங்க, அதுதான் அண்ணே எனக்கு ரொம்ப சூசாவா இருந்துச்சு."

சூசா என்றால் எங்கள் பேச்சில் கஷ்டம். அதைச் சொல்லிக்கொண்டே காரோடு வந்த கையேட்டை என்னிடம் நீட்டினார். "இங்கிலீஷ்லதான் இருக்கு, நீங்க வாசிப்பீங்களே. படிச்சிட்டு வேலை பாருங்க அண்ணே, இது மத்த காடி மாதிரி இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. காருக்கு அடியிலேயே வளர்ந்தவன் நான், எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் பாடப் புத்தகம் கொடுப்பதா? சிரித்தபடி வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

கடலோர வீடுகளில் நிற்கிற கார்களுக்கு உப்புக்காற்றுதான் எமன். அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்து போகும். அதனால் மழைக்காலத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை பம்பில் நிரப்பி, காரின் அடியெங்கும் பீய்ச்சி அடித்துவிடுவோம். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் உப்பு ஒட்டாது. டீச்சரின் கார் ஒரு சின்ன வேலைக்காக வந்தபோது அதற்கும் அடித்தேன். காசு கேட்கவில்லை. பாவம், நம் டீச்சர், கடலோரத்தில் நிறுத்துகிறார் என்ற அக்கறைதான். திறந்து கிடந்த அந்த இரண்டு பெல்ட்டுகள் என் கண்ணில் படாமல் இல்லை. கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது.

"அடிக்கு எண்ணெய் அடிச்சிருக்கேன் டீச்சர், துரு அண்டாது," என்றேன். அவர் ரொம்ப நன்றி சொன்னார்.

மூன்றாம் நாள் காரை ஒரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. பின்னால் பெச்சாவில் டீச்சர். முகம் வெளுத்திருந்தது. பண்டார் ஹிலிரில் ஆற்றுப் பாலத்தின் மேட்டில் ஏறும்போது என்ஜின் ஊளையிட்டிருக்கிறது, கார் ஏறவில்லை. இன்னும் அழுத்தியிருக்கிறார். ஊளை கூடியது, ரப்பர் கருகிய நாற்றம் வந்தது, கார் பின்னால் உருண்டு ஒரு பெச்சாவின் சக்கரத்தில் முட்டி நின்றது. கூட்டம் கூடிவிட்டது. நொண்டிப் பொம்பளைக்கு எதற்குக் கார் என்று ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறான்.

"நான் என்னா தப்பு செஞ்சேன்னே தெரியல அண்ணே," என்றார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். பெல்ட் இரண்டும் பளபளவென்று மின்னின. விரலால் தொட்டேன், கறுப்பெண்ணெய். இரும்புத் தட்டை ரப்பர் பிடித்துக்கொள்வதால்தான் அந்தக் கார் ஓடுகிறது. அந்தப் பிடியில் எண்ணெய் விட்டவன் நான்தான். இதைப் புரிந்துகொள்ளக் கையேடுகூட வேண்டாம், சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும். அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெளியே வந்து, "நான் செஞ்ச வேலை டீச்சர்," என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். திட்டியிருப்பார், அல்லது திட்டாமலும் இருந்திருப்பார்.

நான் சொன்னது வேறு. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, பாக்கறேன்," என்று அனுப்பிவிட்டேன். பிறகு பெல்ட்டுகளைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புல்லிகளைத் துடைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து மாட்டினேன். அவர் வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து அதே பாலத்துக்கு ஓட்டிப்போனேன். கார் பூப்போல ஏறியது. இறங்கித் திருப்பி மறுபடியும் ஏறிக் காட்டினேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. "காடியில ஒண்ணும் இல்ல டீச்சர். மிதிக்கிற விதத்துலதான் இருக்கு. ஒரேயடியா அழுத்தக்கூடாது," என்றேன்.

அவர் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நல்ல கால். அதன் மீது ஒரு நாளும் அவருக்கு சந்தேகம் வந்ததில்லை.

"இத்தனை வருசமா உடம்பு பாரம் முழுக்க இந்தக் காலுதான அண்ணே தாங்குது. மரத்துப்போயிருக்கும். மெதுவா அழுத்துறோம்னு நான் நெனைக்கிறேன், அது அழுத்தமா விழுது. அப்படி இருக்குமா அண்ணே?"

எனக்கு வசதியாக அவரே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். "இருக்கலாம் டீச்சர்."

அந்த மாதமே காரை விற்றுவிட்டார். மூவாரிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மாலையில் பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது டீச்சரைப் பார்ப்பேன், இடது கை முழங்காலில், வலது கை யாராவது ஒரு பிள்ளையின் தோளில். நான் வேறு சந்தில் திரும்பிப் போகப் பழகினேன். ஒருநாள் யாரும் இல்லாதபோது இழுப்பறையிலிருந்து அந்தக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். நடுப்பக்கத்திலேயே இருந்தது: பெல்ட்டுகளில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தான். மூடி, பழைய இடத்திலேயே வைத்தேன். எப்பேர்ப்பட்ட கோழை பாருங்கள்.

இப்படியே நான்கு வருடங்கள். ஒரு மதியம் பேய்மழை, பஸ் நிறுத்தத்தில் அவர் மட்டும் நனைந்துகொண்டிருந்தார். அதற்கு மேலும் தப்பித்துப் போக மனம் வரவில்லை. என் காரில் ஏற்றிக்கொண்டேன். உஜோங் பாசிர் வரைக்கும் என் இடது கால் கிளச்சை அமுக்கி விடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க ஒருத்தர்தான் அண்ணே என் மூஞ்சிக்கு நேரா உண்மைய சொன்னீங்க. மத்தவங்க எல்லாம் பாவம் பாவம்னு மூடி மறைச்சாங்க. நான் அத மறக்கவே இல்ல."

நான் சாலையையே பார்த்து ஓட்டினேன். அவரே தொடர்ந்தார்.

"போன வாரம் என்கிட்ட படிச்ச பிள்ளை ஒண்ணு வந்துச்சு அண்ணே. அதுக்கும் எனக்கு மாதிரியே காலு. ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. அப்பா அந்த பெல்ட்டு காடிய வாங்கித் தரேன்னு சொல்றாராம், வாங்கலாமான்னு கேட்டுச்சு. வேணாம்மா, நம்மள மாதிரி ஆளுக்கு அது ஒத்துவராதுன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னதத்தான் சொன்னேன். பிள்ளை அழுதுட்டே போச்சு."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். வழியில் இரண்டு தடவை காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது. நான் ஒருவரைத்தான் ஏமாற்றினேன் என்று அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் பொய்யை டீச்சரே அறிவுரையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் என் மேல் வைத்த மரியாதையால்.

மறுநாள் காலை கையேட்டை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தார். அடிக்கு நான் எண்ணெய் அடித்ததையும், பெல்ட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் பாலத்தில் ஏற்றிக் காட்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எந்த வார்த்தையும் பொருத்தமாகத் தோன்றவில்லை.

டீச்சர் அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப என் காலு சரியாத்தான் அழுத்துச்சா?"

"சரியாத்தான் அழுத்துச்சு டீச்சர்."

கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார். "அந்தப் பிள்ளை வீடு பத்து பெரெண்டாம்ல. இப்பவே கொண்டு போய் விடுங்க. நீங்களே உங்க வாயால சொல்லணும்." வழியில் அவர் பேசியதெல்லாம் எங்கே திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான். அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் முன்னால் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் இரண்டாம் முறையாகச் சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண் பெல்ட் கார் வாங்கினாள். பல வருடங்கள் ஓட்டினாள். பெல்ட் மாற்ற என் பட்டறைக்குத்தான் கொண்டு வருவாள், அதற்கு நான் வேலைக்கூலி வாங்கியதில்லை. சில நாள் டீச்சரும் பக்கத்து இருக்கையில் வருவார். நீங்கள் மறுபடி ஓட்டலாமே என்று ஒரு தடவை கேட்டுப்பார்த்தேன். பழக்கம் விட்டுப்போச்சு என்றார். காரை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை. வேலை முடிந்து நான் கையைத் துடைத்துக்கொண்டு வரும்போது கண்ணாடியை இறக்கி ஒன்றே ஒன்று சொல்வார்.

"பெல்ட்டுல எண்ணெய் படாம பாத்துக்குங்க."

முன்பெல்லாம் அவர் எதைச் சொன்னாலும் கூடவே ஓர் 'அண்ணே' வரும்.