ஒயின் வாளியில் இரண்டு இலை

பாரிஸில், தாம்ப்ள் தெருப் பட்டறையில், செலியின் கைக்கும் வாய்க்கும் நடுவே என்றுமே சண்டை கிடையாது. வாய் ஊர்க்கதை பேசும். கை, மெருகுக்கல்லைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு ஒயின் வாளியைத் தேய்க்கும். பனிக்கட்டி நிரப்பி ஒயின் புட்டியை நிறுத்துகிற வாளி. பெரிய வீட்டு மேசைகளில் ஜோடியாகத்தான் உட்காரும். முழு வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள்; செம்புத் தகட்டின்மேல் மெல்லிசாக வெள்ளி போர்த்தியது. செம்பு தெரியும்படி தேய்த்தவள் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு, ரொட்டிக்கடை விதவை மூன்றாம் முறையாகக் கல்யாணம் செய்துகொண்ட கதை. நல்ல கதை, சுருக்கினால் பாவம். கதை முடிந்தபோது ஓர் இடத்தில் வெள்ளியும் முடிந்திருந்தது. நகத்தளவு செம்பு எட்டிப் பார்த்தது. செலி சட்டென்று அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள். வேறு வேலை கிடைக்கும். இத்தனை பெண்கள் காது கொடுத்துக் கேட்கிற பெஞ்சு எங்கே கிடைக்கும்?

எதிரே பற்றவைப்பு வேலை செய்யும் அன்செல்ம் பார்த்துவிட்டான். அத்தி பூத்தாற்போல் பேசுகிற ஆள். எதுவும் கேட்காமல் வாளியை வாங்கிப் போனான். வெள்ளியில் ஒரு திராட்சை இலை வெட்டி, செம்பு தெரிந்த இடத்தில் பற்றவைத்தான். ஜோடி ஒத்துப்போக வேண்டுமே என்று மற்ற வாளியிலும் அதே இடத்தில் ஒன்று வைத்தான்.

சாயங்காலம் மேஸ்திரி புரோகார் வந்து மூக்கை நுழைத்தார்.

"மாதிரிப் படத்துல இலையே இல்லையே. எதை மூடி வெச்சிருக்கீங்க?"

அன்செல்ம் முழங்கையால் ஒரு வாளியை முன்னே தள்ளினான், பழுதில்லாததை. மேஸ்திரி கத்தி நுனியால் இலையை நெம்பி ஈயத்தைச் சுரண்டினார். அடியில் வெள்ளி முழுசாக இருந்தது.

"ஒண்ணுமில்லாத எடத்துல எதுக்குய்யா இலை?"

"செலியப் பாத்துக்கிட்டே வேலை செஞ்சேன். கை அதுபாட்டுக்கு வெச்சிருச்சு."

பெஞ்சு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. "அடியே, கல்லு பேசுதுடி!" என்றாள் ஒருத்தி. மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"திரும்ப ஒட்டித் தொலை. பாக்க நல்லாத்தான் இருக்கு."

செலி மட்டும் சிரிக்கவில்லை. வேலை தப்பியது சந்தோஷம்தான். ஆனால் இப்போது அவளுக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டும். முற்றத்தில் அவனை மடக்கினாள்.

"என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா," என்றான் அன்செல்ம். கழுத்திலிருந்து காதுவரை செம்பாகச் சிவந்திருந்தது.

செலி விரலை நீட்டி அவன் சிவந்த காதைத் தொட்டாள்.

"பொய்," என்றாள். "இதை மூட இலை வெட்டலையா நீ?"