இருசப்பனின் பன்னிரண்டு வருஷத் தாடி

தலைவர் துரைக்கண்ணு சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தபோது, பாஞ்சாலை தெருக்குழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவள் மனதில் முதலில் வந்து நின்றது தலைவரின் முகம் அல்ல, தன் புருஷனின் தாடி.

அதற்காக அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கிழமை அவள் மகள் வேதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் போளூரிலிருந்து கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: பெண்ணின் அப்பா முகத்தை வழித்துக்கொண்டு மனிதனாக வந்து உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றுவோம்.

தாடி 1971இல் ஆரம்பித்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருசப்பனுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று துரைக்கண்ணு ஒரு வரிசைக் கடைகளை இடிக்க வைத்தார். இடித்துக்கொண்டே வந்தவர்கள் இருசப்பன் கடையையும் இடித்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த கடை தலைவரின் மச்சினனுடையது. அங்கே வந்ததும் ரோடு மரியாதையாக வளைந்து போய்விட்டது. அந்த வருஷச் சட்டசபைத் தேர்தலில் இருசப்பன் எதிர்க்கட்சி மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி, "இந்த துரைக்கண்ணு தோக்கற வரைக்கும் என் மூஞ்சில கத்தி படாது!" என்றான். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு மாசத்தில் எடுத்துவிடலாம் என்று அவனும் நினைத்தான்.

துரைக்கண்ணு ஜெயித்தார். எழுபத்தேழிலும் ஜெயித்தார், எண்பதிலும் ஜெயித்தார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஜாஸ்தி ஓட்டு. தாடியும் முன்னைவிட ஜாஸ்தி.

மூன்று தேர்தலிலும் பாஞ்சாலை தலைவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். இது இருசப்பனுக்குத் தெரியாது. அவர் கடைக்குச் செய்தது அநியாயம் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. ஆனால் தெருவுக்குக் குழாய் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அதற்கு முன்னால் இரண்டு தெரு தாண்டித் தண்ணீர் சுமந்த இடுப்பு அவளுடையது. இடுப்பும் ஓட்டுப் போடும் என்று ஆண்பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை.

வேறு ஊராக இருந்திருந்தால் ஒரு தாடியால் இத்தனை தொல்லை வந்திருக்காது. இங்கே, மலையைச் சுற்றி வருகிறவர்கள் தாடி வைத்த யாரைப் பார்த்தாலும் சாமியார் என்று கும்பிடுவார்கள். இருசப்பன் செங்கம் ரோட்டில் சைக்கிளை நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தால், எண்ணெய்க் கையோடு அவனைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவாள் ஒரு வெள்ளைக்காரி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு ராஜம்மாளே வாசலில் செருப்பை விட்டுவிட்டு அவன் காலில் விழுந்து, "சாமி, திருநீறு குடுங்க" என்று கையை நீட்டினாள்.

"நான் பொண்ணோட அப்பாம்மா," என்றான் இருசப்பன்.

அதிலிருந்து வந்ததுதான் போளூர் நிபந்தனை.

பாஞ்சாலை குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்குள் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் குழாயையே கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்க தெய்வமே, தண்ணி குடுத்த மகராசனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தெருக்கோடியில் பட்டாசுச் சரம் ஒன்று பாதி வெடித்து, யாரோ அதட்டியதும் நின்றது. கடைத்தெருவில் ஷட்டர்கள் மடமடவென்று இறங்கின. எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர் பரசுராமன் சட்டைப்பைக்குள் ஆரஞ்சு மிட்டாய் வைத்துக்கொண்டு, ஆளைப் பார்த்து ஆளைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இருசப்பனுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. பாஞ்சாலை வீட்டுக்குள் வந்தபோது அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"துன்றதுதானே?" என்றாள்.

"வாய்ல போட மனசு வரலை."

"சரி, வாயை வுடுங்க, மூஞ்சைப் பாருங்க. காசி சலூன்ல பின்கதவு தொறந்துதான் கீது. போயி வழிச்சிக்கினு வந்துடுங்க."

"எப்படி வழிக்கறது? அவன் தோக்கலையே."

"யமன்கிட்ட தோத்துட்டாரில்ல?"

"அது எல்லாரும் தோக்கறது. அதெல்லாம் சேத்தி இல்லை." இருசப்பன் பெருமூச்சு விட்டான். "இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தா எண்பத்தஞ்சுல நிச்சயம் தோத்திருப்பான். அவசரப்பட்டுப் போயிட்டான்."

வேதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நைனா, ஒருவேளை அவர் ஜெயிச்சிருந்தா?"

"உன் கல்யாணத்துக்கு அப்புறமா பேசலாம்."

"அது நடந்தா பேசலாம்," என்றாள் வேதா.

புதன்கிழமை விஷயம் இன்னும் சிக்கலானது. அய்யங்குளத்துப் படிக்கட்டில் தலைவரின் தொண்டர்கள் வரிசையாக உட்கார்ந்து துக்கத்துக்கு மொட்டை அடித்துக்கொண்டார்கள். காசியும் அவன் பங்காளிகளும் கத்தி தீட்ட நேரமில்லாமல் வேலை செய்தார்கள். பாஞ்சாலை புருஷனை அங்கே தள்ளிக்கொண்டு போனதும், வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து நின்றான். "பாருங்கடா! தாடிக்கார அண்ணனே தலைவருக்காக எடுக்க வந்துட்டாரு! இடம் விடு, அண்ணன் முன்னால உக்காரட்டும்! போட்டோக்காரனைக் கூப்பிடு!"

இருசப்பன் வந்த வேகத்திலேயே திரும்பினான். வழியில் பரசுராமன் மடக்கினான்.

"அண்ணா, உங்க கால்ல விழறேன், இப்ப எடுத்துடாதீங்க. நம்ம ஆளே அவனுக்குத் துக்கம் காக்கறான்னு போஸ்டர் ஒட்டிடுவானுங்க. ஞாயித்துக்கிழமை மேடை போட்டு, மாலை போட்டு, மேளத்தோட எடுத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை எடுத்து நான் இன்னா பண்றது? வெள்ளிக்கிழமை நிச்சயம்," என்றாள் பாஞ்சாலை.

"நிச்சயத்தைத் தள்ளிப் போடுங்கக்கா."

"உன் மூஞ்சைத் தள்ளிப் போடு."

இப்படி, எடுத்தால் துக்கம், காத்திருந்தால் கொண்டாட்டம் என்று ஒரு முகத்துக்கு இரண்டு கட்சி சண்டை போட்டன. அன்று இரவு இருசப்பன் சாப்பிடும்போது தாடியில் ரசம் வழிந்ததைப் பார்த்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பாஞ்சாலைக்கு அழுகை வந்தது. ரசத்துக்காக அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை தலைவரின் உடலைத் திறந்த பெட்டியில் கிடத்தி, அவர் வீட்டு வாசல் பந்தலில் வைத்திருந்தார்கள். பாஞ்சாலை ஜோதியம்மாளோடு கிளம்பினாள். குழாய் கொடுத்தவரைக் கடைசியாக ஒரு பார்வை பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"நானும் வரேன்," என்றான் இருசப்பன்.

"நீங்க எதுக்கு?"

"நெஜமாத்தான் செத்தானான்னு பாக்க வேணாமா?"

வரிசை மெதுவாக நகர்ந்தது. அழுகிறவர்கள் பாதி, வேடிக்கை பார்க்கிறவர்கள் பாதி. அழுதுகொண்டே வேடிக்கை பார்த்தவர்களும் இருந்தார்கள். பெட்டியைச் சுற்றி நாற்பது மொட்டைத் தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு காவலுக்கு நின்றன. இருசப்பன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

துரைக்கண்ணு ஒரு நாளைக்கு இரண்டு தரம் சவரம் செய்துகொள்ளுகிற மனிதர். கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்த முகத்தில், மாலைகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரியில் முளைத்த பத்து நாள் நரைத்தாடி முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா!" இருசப்பனின் குரல் மேடையில் ஏறிய அன்று இருந்த அதே குரலாக எழும்பியது. "நாப்பது பேரு அவனவன் தலையை வழிச்சிக்கினு நிக்கறீங்களே, அந்தாளு மூஞ்சை ஒருத்தனாவது பாத்தீங்களாடா?"

ஒரு மொட்டை கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவி ஆதிலட்சுமி கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். எட்டிக் கணவனின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அவர் சொல்றது சரிதான். எனக்கே தோணலையே. காசியைக் கூட்டிக்கினு வாங்க." பிறகு இருசப்பனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே அந்த சைக்கிள் கடைக்காரரு? இவரு தெனமும் கண்ணாடி முன்னால நின்னா உங்க பேச்சுதான். சோப்பு நுரையைத் தடவிக்கினு, 'அந்த இருசப்பன் தாடி இப்ப எம்மாம் நீளம் இருக்கும்'னு கேப்பாரு."

"என் பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான்."

வீட்டுக்குத் திரும்பும்போது இருசப்பன் முன்னால் நடந்தான். காந்தி சிலை தாண்டியதும் நின்றான்.

"பன்னெண்டு வருஷம். தெனமும் ரெண்டு தரம். கண்ணாடில அவன் மூஞ்சைப் பாக்கும்போதெல்லாம் என் மூஞ்சுதான் தெரிஞ்சிருக்குது. ஒரு நாளாவது நிம்மதியா ஷேவ் பண்ணியிருப்பானா?"

"எங்க பண்ணியிருப்பாரு?" என்றாள் பாஞ்சாலை.

"அப்ப அது தோல்வி இல்லாம இன்னா?"

பாஞ்சாலை வார்த்தையைக் கீழே விழ விடவில்லை. "தோல்விதாங்க. பெரிய தோல்வி. மூணு எலக்ஷன்ல ஜெயிச்சி இன்னா பிரயோஜனம்? நடங்க, காசி வேலையை முடிச்சிட்டு நேரா நம்ம வூட்டுக்கு வரான். வாசல்லயே நான் சொல்லிட்டு வந்தேன்."

கிணற்றடியில் பலகை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. காசி சவரப் பெட்டியைத் திறந்ததும் பாஞ்சாலை முன்னால் வந்து நின்றாள்.

"அங்க போட்ட கத்தியா இது?"

"அய்யோ அண்ணி, அதை அங்கயே வச்சிட்டேன். குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். இது புதுசு." காசி தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கேட்டான். "மீசை?"

"மீசை மேல கை வைக்காத!" என்றாள் பாஞ்சாலை. "அதை எடுத்தாத்தான் துக்கம். அது இருந்தா ஒரு பயலும் வாய் தொறக்க முடியாது."

"பரசுராமன் கேட்டா?"

"பொண்ணுக்கு நிச்சயம்னு சொல்லு. அதுதானே நெஜம்?"

கத்தி போட்ட பிறகு முகவாய் வெளியே வந்தது. பாஞ்சாலைக்கு நினைவிருந்ததைவிட அது கொஞ்சம் சின்னதாக இருந்தது. வேதா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும்மா இது, சின்னப் பையனாட்டம்?" என்றாள். இருசப்பன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ராஜம்மாள் பாயில் உட்கார்ந்து, எதிரே இருந்த மனிதரை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். மீசைக்கு மேலே சைக்கிள் மிதித்து வெயிலில் வெந்த கறுப்பு. மீசைக்குக் கீழே, வாழைத்தண்டு உரித்த மாதிரி வெளுப்பு.

அவள் பாஞ்சாலை பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "சம்பந்திக்குத் தேமல் ஏதாவது...?"

"அதெல்லாம் இல்லைங்க. வெயில் படாத எடம். கல்யாணத்துக்குள்ள ஒரே கலராயிடும்," என்று சொல்லிப் பாஞ்சாலை தட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.