பட்டையைச் சின்னதாக்கச் சொன்னார்கள்

ஈப்போவிலிருந்து லகாட் பக்கம் போகும் சாலையில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்கே இரண்டாம் படிவ மாணவர்களுக்கு நான் கணித ஆசிரியை. கணினி அறையில் விரிதாளில் எண்களைத் தட்டிப் பட்டை வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தேன். பாடநூலின் மாம்பழ விற்பனையைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"உங்களுக்கு நடக்கிறத எழுதிக்கிட்டு வாங்க," என்றேன்.

பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி பள்ளி பஸ்ஸை எடுத்துக்கொண்டாள். தோட்டம் செம்பனையாகிப் பல வருடமாகிறது. லயத்து வீடுகளில் மிச்சமிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த ஒரே பஸ்தான். அது தாமதமாக வந்தால், காலைச் சபைகூடல் முடிந்த பிறகும் அவர்கள் தண்டனையாகக் கொடிக்கம்பத்தருகே வெயிலில் நிற்க வேண்டும். நானும் தினமும் அவர்களைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். சோம்பேறிகள் என்று நினைத்திருக்கிறேன். அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

நான்கு வாரம் பஸ் வந்த நேரத்தை அவள் குறித்தாள். பள்ளி நடந்த இருபது நாளில் பதினேழு நாள் தாமதம். சில பட்டைகள் நாற்பது நிமிடத்தைத் தொட்டன.

அதைக் கண்காட்சிப் பலகையில் ஒட்டினேன். துணைத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நாளைக்குக் கல்வி இலாகா அதிகாரிங்க வாராங்க. இதப் பாத்தா பள்ளிக்கூடத்து பேரு கெட்டுரும்லா. பட்டையக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

"எண்கள மாத்தச் சொல்றீங்களா சார்?"

"எண்கள யாரு மாத்தச் சொன்னா? நிமிஷ அச்சுல உச்ச அளவ அறுநூறுன்னு போடுங்க. பட்டை தானா சின்னதாயிரும்."

அவரும் பல வருடம் கணிதம் கற்பித்தவர். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை பலகையில் வேறு தாள் இருந்தது. பட்டைகள் எறும்பு வரிசைபோல் அடியில் கிடந்தன. கீழே அந்த மாணவியின் பெயர். அவள் அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"டீச்சர், நீங்களா மாத்துனீங்க? அச்ச நீட்டியே பொய் சொல்ல முடியும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

அந்தத் தாளைக் கிழித்தேன். அசல் வரைபடத்தை அச்செடுத்து மறுபடி ஒட்டினேன். துணைத் தலைமையாசிரியர் வந்து அதைப் பிடுங்கினார்.

"இந்தப் பிள்ளைங்க பதினேழு நாள் வெயில்ல நின்னுச்சுங்க சார்!" என்று கத்தினேன். நடைபாதை முழுக்கக் கேட்டது.

அதிகாரிகள் வந்தபோது பலகையில் அந்த இடம் காலியாக இருந்தது. "இங்க என்ன?" என்று ஒருவர் கேட்டார். மாணவி முன்னால் வந்து நோட்டைத் திறந்து, ஒவ்வொரு நாளாக வாசித்துக் காட்டினாள். குரல் உடையவே இல்லை.

என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நானும் பதில் எழுதிக் கொடுத்தேன். வெயிலில் நிற்க வைப்பது சத்தமில்லாமல் நின்றது. பஸ் மட்டும் இன்றும் தாமதமாகத்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகளிடம் பள்ளி ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. நான்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல டீச்சர், எங்களுக்குப் பழகிருச்சு," என்றாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்படிச் சொன்னதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.